லினக்ஸ் சர்வரில் நேரம் தவறினால்: டைம்சிங்க்டியா, க்ரோனியா, என்டிபிடியா?

சர்வரின் கடிகாரம் பிழையாக ஓடுவதைக் கண்டவுடன், இருக்கும் நேரச் சேவையை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவலாமா என்ற கேள்வியே பலருக்கும் முதலில் எழுகிறது. நேர சர்வர்களைக் கேட்டுக் கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் சேவைகளில் டைம்சிங்க்டி போதாது, க்ரோனிதான் சரி என்பார் ஒருவர். பல ஆண்டுகளாக என்டிபிடியை நடத்தி வருபவர் அதை விட மாட்டார். சாதாரண நெட்வொர்க்கில் மூன்றுமே மில்லிவிநாடிக் கணக்கில் நேரத்தைப் பிடித்து நிறுத்தக்கூடியவை என்பதால், துல்லியத்தை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. நேரம் வெகுவாகப் பிசகும்போது அந்தச் சேவை என்ன செய்கிறது, பிசகின் காரணத்தை நமக்குக் காட்டுகிறதா என்ற இரண்டையும் முன்வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரை அவ்வாறே ஒப்பிடுகிறது.

## மாற்றுவதற்கு முன்

எந்த மென்பொருளை நிறுவினாலும் தீராத சில கோளாறுகள் உண்டு. அவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும்.

பிழை சரியாக ஒரு மணி நேரமாகவோ அரை மணியின் மடங்காகவோ இருந்தால், அது பெரும்பாலும் ஒத்திசைவுக் கோளாறாக இருக்காது. நேர மண்டல அமைப்பு தவறாக இருக்கலாம். அல்லது மதர்போர்டுக் கடிகாரம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்குப் பதிலாக உள்ளூர் நேரத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். ‘டேட்’ கட்டளையை யுடிசி விருப்பத்துடன் இயக்கினால் இது ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

அடுத்தது வழி. நேரத்தைக் கேட்டுப் பெறும் நெறிமுறையான என்டிபி, யுடிபி 123ஆம் போர்ட்டில் இயங்குகிறது. ஃபயர்வால் அதை மறித்திருந்தால் மூன்று சேவைகளும் ஒன்றுபோலவே தோற்கும். பெயரை ஐபி முகவரியாக மாற்றுவதிலும் சிக்கல் வரக்கூடும்: கடிகாரம் பல நாட்கள் பிசகியிருக்கும்போது டிஎன்எஸ்செக் (பெயர்ப் பதில்களின் உண்மையைச் சரிபார்க்கும் முறை) கையொப்பங்கள் செல்லாதவையாகத் தெரிவதால் நேர சர்வரின் பெயரே கிடைக்காமல் போகும், பெயர் கிடைக்காததால் நேரமும் திருந்தாது. அமைப்புக் கோப்பில் ஒரு சர்வரையாவது ஐபி முகவரியாக எழுதி வைப்பது இந்தச் சுழலை உடைக்கும்.

கண்டெய்னருக்குள் நேரம் தவறாக இருந்தால் அங்கே எதையும் நிறுவிப் பயனில்லை. கண்டெய்னர் தன்னைத் தாங்கும் இயந்திரத்தின் கடிகாரத்தையே பயன்படுத்துகிறது. திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினுக்குத் தனிக் கடிகாரம் உண்டு. ஆனால் அதை, மெஷினைத் தாங்கி இயக்கும் ஹைப்பர்வைசரின் உதவிக் கருவி ஒரு பக்கமும் என்டிபி சேவை மறுபக்கமும் இழுத்தால், நேரம் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே இயந்திரத்தில் இரண்டு நேரச் சேவைகள் இயங்கும்போதும் இதே ஆட்டத்தைக் காணலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. என்டிபி ஒவ்வொரு பரிமாற்றத்திலும் நான்கு நேரக் குறிப்புகளைக் கொண்டு பிழையைக் கணக்கிடுகிறது. போகும் வழியும் திரும்பும் வழியும் சம நேரம் எடுக்கின்றன என்பது அதன் அடிப்படை அனுமானம். போக 10 மில்லிவிநாடியும் திரும்ப 50 மில்லிவிநாடியும் ஆனால், வித்தியாசத்தில் பாதியான 20 மில்லிவிநாடி கடிகாரத்தில் பிழையாக நிலைத்துவிடும். அந்தப் பாதையை மட்டுமே நம்பியிருக்கும் வரை எந்த மென்பொருளாலும் இதைக் கண்டுபிடிக்க இயலாது. அருகிலுள்ள வேறு நேர சர்வரைத் தேடுவதே வழி.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், பெரிய பிழையைச் சேவை எப்படித் திருத்துகிறது என்பது. ஒரே தாவலில் திருத்தினால் நேரம் உடனே சரியாகும். ஆனால் கடிகாரம் முந்தி ஓடிக்கொண்டிருந்திருந்தால் தாவல் பின்னோக்கியதாக அமையும். கழிந்துபோன நிமிடங்கள் மறுபடியும் வரும், தரவுத்தளப் பதிவுகளின் வரிசை குலையும். கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ படிப்படியாகத் திருத்தினால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பிழை முற்றிலும் தீரும் வரை சர்வர் தவறான நேரத்திலேயே இருக்கும்.

இரண்டாவது, காரணத்தைக் காட்டும் திறன். மூன்றாவது, ஒரு நேர சர்வர் பொய் சொன்னால் அதைப் பிரித்தறியும் திறன். நான்காவது, பராமரிப்பும் பாதுகாப்பும் சேர்ந்த மறைமுகச் செலவு. பிற இயந்திரங்களுக்கு நேரம் வழங்க வேண்டுமா என்பது ஐந்தாவது. இதற்கு ‘ஆம்’ என்றால் ஒரு தேர்வு உடனே விழுந்துவிடும்.

முதல் அளவுகோலைச் சோதிக்க ஓர் உண்மை நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன். நான் பராமரித்து வந்த தரவுத்தள சர்வர் ஒன்று, விர்ச்சுவல் மெஷினாக இருந்தது. சேமிப்பகப் பணிக்காக 40 நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டு, நிறுத்திய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது அதன் கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கியிருந்தது. அதாவது 2400 விநாடி. இந்த ஒரே நிலையில் மூன்று சேவைகளும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

## டைம்சிங்க்டி

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பகுதியாக 2014இல் வந்த இது, எஸ்என்டிபி என்னும், என்டிபியின் எளிய வடிவத்தில் இயங்கும் கிளையன்ட் மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நேர சர்வரைத்தான் கேட்கும். பதில் வராதபோதுதான் பட்டியலில் அடுத்ததற்குப் போகும். கேட்கும் இடைவெளி 32 விநாடியில் தொடங்கி 2048 விநாடி வரை, அதாவது 34 நிமிடத்துக்குச் சற்று மேல் வரை நீளும்.

பிழை 0.4 விநாடிக்குள் இருந்தால் படிப்படியாகவும் அதைத் தாண்டினால் ஒரே தாவலிலும் திருத்துவது இதன் இயல்பு. நம் 40 நிமிடப் பிழையை அடுத்த பதில் வந்த கணமே இது தாவித் திருத்திவிடும். ஆனால் இடைவெளி முழுமையாக நீண்டிருந்த நிலையில் அந்தப் பதிலுக்கு அரை மணி நேரம் காத்திருக்க நேரலாம். கடிகாரம் முந்தியிருந்தாலும் இதே வேகத்தில், எந்தத் தயக்கமும் இல்லாமல் பின்னோக்கித் தாவும். தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

காரணம் காட்டும் திறனில்தான் இது பின்தங்குகிறது. ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் ‘ஒத்திசைந்தது: ஆம்’ என்ற வரியைப் பார்த்து நிம்மதியடைபவர்கள் பலர். அந்த வரி, லினக்ஸின் மையமான கர்னல் வைத்திருக்கும் அதிகபட்சப் பிழை மதிப்பீடு 16 விநாடிக்குள் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்கிறது. புதிய திருத்தம் வராதபோது அந்த மதிப்பீடு விநாடிக்கு அரை மில்லிவிநாடி வீதம் வளர்கிறது. ஆகவே நேர சர்வருடன் தொடர்பு அறுந்த பிறகும், 32,000 விநாடிகள் கழியும் வரை, ஏறக்குறைய 9 மணி நேரம், அந்த வரி ‘ஆம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். ‘டைம்சிங்க்-ஸ்டேட்டஸ்’ என்ற துணைக் கட்டளையில் வரும் பிழை அளவும் பேக்கெட் எண்ணிக்கையும்தான் நம்பத்தக்கவை. சில நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து, எண்ணிக்கை கூடுகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

ஒரே சர்வரைக் கேட்பதால், அந்தச் சர்வர் தவறினால் இதுவும் கூடவே தவறும். ஒப்பிட்டுப் பார்க்க இதனிடம் வேறு சாட்சி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். தனியாக நிறுவ வேண்டியதில்லை, நினைவகம் மிகக் குறைவாகவே பிடிக்கும், எந்தப் போர்ட்டிலும் காத்திருக்காது. ஒத்திசையும் ஒவ்வொரு முறையும் நேரத்தை வட்டில் குறித்து வைப்பதால், மதர்போர்டுக் கடிகாரமே இல்லாத சிறு கணினிகள் மறுதொடக்கத்தில் 1970க்குப் போய்விடாமல் காக்கிறது.

## க்ரோனி

ரிச்சர்ட் கர்னோ தொடங்கி, இப்போது மிரோஸ்லாவ் லிக்வர் பராமரிக்கும் க்ரோனி, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அந்த வரிசையின் இயல்புத் தேர்வாக இருக்கிறது. பதிப்பு 8இல் பழைய என்டிபி பொதியே நீக்கப்பட்டது. உபுண்டுவும் 25.10 பதிப்பில் டைம்சிங்க்டியை விட்டு இதற்கு மாறியது.

பல சர்வர்களை ஒரே நேரத்தில் கேட்டு ஒப்பிடுவதும், கடிகாரத்தின் இயல்பான வேகப் பிழையைக் கணித்து ஒரு கோப்பில் சேமித்து வைப்பதும், தொடர்பு விட்டு விட்டு வரும் நிலையிலும் தடுமாறாமல் இருப்பதும் இதன் வலிமைகள். காரணம் காட்டுவதில் இதற்கு நிகரில்லை. ‘க்ரோனிசி சோர்சஸ்’ என்ற கட்டளை ஒவ்வொரு நேர சர்வருக்கும் முன்னால் ஒரு குறி இடும்: நட்சத்திரம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டது, கூட்டல் குறி என்றால் கணக்கில் சேர்க்கப்பட்டது, பெருக்கல் குறி போன்ற எழுத்து என்றால் பிற சர்வர்களோடு முரண்பட்டு விலக்கப்பட்டது, கேள்விக்குறி என்றால் எட்ட முடியாதது அல்லது தேர்வுக்குத் தகுதி பெறாதது. அதே வரியில் ‘ரீச்’ என்னும் எண் இருக்கும். இது எட்டை அடிமானமாகக் கொண்ட எண். 377 என்றால் கடைசி எட்டு முயற்சிகளுக்கும் பதில் வந்தது என்று பொருள். 0 என்றால் ஒன்றுக்கும் வரவில்லை; ஃபயர்வாலை நோக்கித் திரும்ப வேண்டும்.

இனி அந்த 40 நிமிடச் சம்பவம். அந்தச் சர்வரில் இருந்தது க்ரோனிதான். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் உள்நுழைவுக் குறியீடுகள் நிராகரிக்கப்படுகின்றன என்ற புகார் வந்து நான் பார்த்தபோது, இயந்திரம் மீண்டும் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாச் சர்வர்களிலும் ரீச் 377; நட்சத்திரமும் கூட்டல் குறிகளும் ஒழுங்காக நின்றன. ‘க்ரோனிசி டிராக்கிங்’ கட்டளையில் கணினி நேரம் பற்றிய வரி மட்டும் 1987 விநாடி பின்தங்கியிருப்பதாகச் சொன்னது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது அந்த எண் குறைந்திருந்தது. மறுபடி பார்த்தேன், இன்னும் குறைந்திருந்தது. க்ரோனி பழுதாகவில்லை, படிப்படியாகத் திருத்திக்கொண்டிருந்தது.

பல டிஸ்ட்ரிபியூஷன்களில் ‘மேக்ஸ்டெப் 1 3’ என்ற வரியுடன் க்ரோனி வருகிறது: சேவை தொடங்கிய பின் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், பிழை ஒரு விநாடியைத் தாண்டினால் தாவலாம் என்பது அதன் பொருள். அதன் பிறகு எவ்வளவு பெரிய பிழையானாலும் படிப்படியான திருத்தம்தான். அதன் உச்ச வேகம் இயல்பாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 2400 விநாடியைச் சரிசெய்ய 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் வேண்டும். அந்த நேரம் முழுதும் கடிகாரம் எட்டு சதவீதத்துக்கும் கூடுதலான வேகத்தில் ஓடுவதால், நிரல்களில் ஒரு நிமிடம் என்று வைத்த காத்திருப்பு வரம்புகள் உண்மையில் 55 விநாடியில் முடிந்துவிடுகின்றன. மீதமிருந்த ஆறரை மணி நேரத்தைக் காத்திருந்து கழிக்க முடியாததால், தரவுத்தளத்தை நிறுத்தி, ‘க்ரோனிசி மேக்ஸ்டெப்’ என்று கையால் தாவ வைத்து, மீண்டும் தொடங்கினோம். நிறுத்தி வைத்து மீட்டெடுக்கப்படும் விர்ச்சுவல் மெஷின்களில் அந்த 3க்குப் பதிலாக -1 என்று எழுதினால் எப்போதும் தாவ அனுமதி கிடைக்கும். பின்னோக்கித் தாவுவதும் அதில் அடங்கும் என்பதால், இதை யோசித்தே செய்ய வேண்டும்.

மறைமுகச் செலவுகள் இன்னும் இரண்டு உண்டு. நேர சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் என்டிஎஸ் என்னும் பாதுகாப்பு முறையைக் க்ரோனி 4.0 முதல் ஆதரிக்கிறது. அதற்கு டிசிபி 4460ஆம் போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். சான்றிதழைச் சோதிக்க நேரம் ஓரளவு சரியாக இருக்க வேண்டும் என்பதால், பேட்டரி தீர்ந்து சில ஆண்டுகள் பின்னால் எழும் இயந்திரம் வாசலிலேயே நின்றுவிடும். முதல் திருத்தத்துக்கு மட்டும் அந்தக் காலச் சோதனையைத் தளர்த்தும் விருப்பம் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பாதுகாப்பும் அந்த அளவுக்குத் தளரும்.

இரண்டாவது, தன் கடிகாரத்தையே நேர மூலமாக அறிவிக்கும் ‘லோக்கல் ஸ்ட்ராட்டம்’ என்ற அமைப்பு. வெளித்தொடர்பு இல்லாதபோதும் உள் இயந்திரங்களுக்கு நேரம் வழங்கச் சிலர் இதைச் சேர்க்கிறார்கள். அதன்பின் மூலக் கடிகாரம் விலகிச் சென்றாலும் கிளையன்ட்டுகள் அனைத்தும் எந்த எச்சரிக்கையும் இன்றி அதைப் பின்தொடரும். தனித்து நிற்கும் நெட்வொர்க்கைத் தவிர வேறெங்கும் இதை வைக்க வேண்டாம் என்று வற்புறுத்துவேன்.

## என்டிபிடியும் என்டிபிசெக்கும்

என்டிபியை உருவாக்கிய டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸின் வழியில் வந்த மூல மென்பொருள் இது. அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் ரிசீவர் எனப் பலவகை வன்பொருள்களுக்கான டிரைவர்கள், பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் முறைகள் என்று வசதிகள் ஏராளம்.

40 நிமிடப் பிழையில் இது செய்வது பலருக்கு அதிர்ச்சி தரும். பிழை 128 மில்லிவிநாடிக்குள் இருந்தால் படிப்படியாகவும், அதைத் தாண்டி நீடித்தால் தாவியும் திருத்தும் என்டிபிடி, 1000 விநாடியைத் தாண்டிய பிழையைக் கண்டால் திருத்தவே மறுத்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறிவிடும். ஏதோ பெருந்தவறு நடந்திருக்கிறது, மனிதர் பார்க்கட்டும் என்பது அதன் தர்க்கம். நிதிப் பதிவுகளைக் காக்கும் இயந்திரத்தில் அந்தத் தர்க்கத்தை நான் மதிக்கிறேன். ‘-ஜி’ விருப்பம் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே இதற்கு விலக்கு அளிக்கும். சேவை உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்காதவர்களுக்கு, அது வெளியேறியது வாரக்கணக்கில் தெரியாமலே போகும்.

படிப்படியான திருத்தத்தின் வேகமும் குறைவு. விநாடிக்கு அதிகபட்சம் அரை மில்லிவிநாடி என்பதால், ஒரு விநாடிப் பிழையைச் சரிசெய்ய 2000 விநாடி ஆகும். ‘-எக்ஸ்’ விருப்பத்தால் தாவல் எல்லையை 600 விநாடியாக உயர்த்தி வைத்தவர்கள், பத்து நிமிடப் பிழை வந்தால் அது தீர ஏறக்குறைய 14 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு இதன் பழைய காயம். ‘மான்லிஸ்ட்’ என்ற வினவல் வசதி 2014இல் சிறு கேள்விக்கு வரும் பெரிய பதிலை வேறொருவர் மேல் திருப்பிவிடும் மிகப் பெரிய பெருக்கத் தாக்குதல்களுக்குக் கருவியாக்கப்பட்டது. சில நெட்வொர்க்குகள் யுடிபி 123ஐ இன்றும் கட்டுப்படுத்துவதற்கு அந்தக் காலமே காரணம். என்டிபிடி தன் கேள்விகளையும் 123ஆம் போர்ட்டிலிருந்தே அனுப்புவதால் அத்தகைய கட்டுப்பாட்டில் எளிதில் சிக்குகிறது. க்ரோனியும் டைம்சிங்க்டியும் ஒவ்வொரு முறையும் வேறு போர்ட்டிலிருந்து கேட்பதால் தப்பிவிடுவதுண்டு. ‘என்டிபிடி வேலை செய்யவில்லை, க்ரோனி போட்டதும் சரியானது’ என்று கேள்விப்படும்போது இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பழைய நிரலைக் களைந்து இறுக்கிய கிளையான என்டிபிசெக், டெபியன் 12இல் பழைய என்டிபி பொதியின் இடத்தைப் பிடித்தது. என்டிபிடி முறையை விட மனமில்லாதவர்கள் அதற்கு மாறிவிடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டைம்சிங்க்டி | க்ரோனி | என்டிபிடி |
|---|---|---|---|
| 40 நிமிடப் பிழை | அடுத்த பதிலில் தாவும் | வழக்கமான அமைப்பில் 8 மணி நேரம் | வெளியேறும் |
| ஒரே நேரத்தில் கேட்கும் சர்வர்கள் | ஒன்று | பல | பல |
| பொய்க் கடிகாரத்தை விலக்குதல் | இல்லை | உண்டு | உண்டு |
| பிறருக்கு நேரம் வழங்கல் | இல்லை | உண்டு | உண்டு |
| காரணம் காட்டுதல் | குறைவு | மிக நன்று | நன்று |
| பராமரிப்புச் சுமை | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## எந்தச் சூழலுக்கு எது

வெப் சர்வர்கள், எளிதில் அழித்து மீண்டும் உருவாக்கும் கிளவுட் இயந்திரங்கள், கூடுதல் பொதியை விரும்பாத சிறு கணினிகள் ஆகியவற்றுக்கு டைம்சிங்க்டியே போதும். நம்பத்தக்க உள் நேர சர்வர் ஒன்று இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தரவுத்தளங்கள், இயல்பாக ஐந்து நிமிடப் பிசகை மட்டுமே பொறுக்கும் கெர்பரோஸ் என்னும் உள்நுழைவுச் சரிபார்ப்பு சர்வர்கள், பிறருக்கு நேரம் வழங்கும் இயந்திரங்கள் ஆகியவற்றுக்குக் க்ரோனியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்குக் குறைந்தது நான்கு மூலங்களைத் தர வேண்டும். இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது சரியென்று தீர்மானிக்க வழியில்லை; மூன்றில் ஒன்று நின்றுபோனால் மறுபடியும் இரண்டே மிஞ்சும். கூகுள் போல லீப் விநாடியை (யுடிசியில் அவ்வப்போது சேர்க்கப்படும் கூடுதல் விநாடி) 24 மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும் சர்வரையும் அப்படிச் செய்யாத சர்வரையும் ஒரே பட்டியலில் கலக்கவும் கூடாது. பழைய வன்பொருள் கடிகாரமோ மல்டிகாஸ்ட் அமைப்போ ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டுமே என்டிபிடி வழி பொருந்தும்.

மைக்ரோவிநாடிக்கும் கீழான துல்லியம் வேண்டுவோருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர்கள் வன்பொருள் நேர முத்திரையிடும் நெட்வொர்க் கார்டும் பிடிபி என்னும் துல்லிய நேர நெறிமுறையும் தேட வேண்டும். அங்கே நேரம் சரியாக 37 விநாடி விலகி நின்றால் திகைக்க வேண்டாம்: பிடிபி வழக்கமாக டிஏஐ என்னும் அணு நேரத்தில் இயங்குகிறது, யுடிசி அதைவிட இப்போது அத்தனை விநாடி பின்னால் இருக்கிறது, அந்த மாற்றம் எங்கோ விடுபட்டிருக்கிறது.

சேவையை மாற்றினால் தீரும் என்று எதிர்பார்த்து ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் டொமைன் கண்ட்ரோலரை நேர மூலமாக வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரில், ‘ரூட் டிஸ்டன்ஸ் மிக அதிகம்’ என்று சொல்லி டைம்சிங்க்டி தொடர்பைத் துண்டிப்பதுண்டு. அந்தச் சர்வர் தன் நேரத்தில் இருக்கக்கூடிய பிழையை மிகப் பெரிதாக அறிவிப்பதே காரணம். டைம்சிங்க்டியின் வரம்பு 5 விநாடி. க்ரோனியின் வரம்போ 3 விநாடி. ஆகவே மாறியவருக்கு நிலைமை மோசமாகும். க்ரோனியில் ‘மேக்ஸ்டிஸ்டன்ஸ்’ மதிப்பை 16 ஆக உயர்த்தலாம் என்றாலும், நல்ல மூலத்துக்கு மாறுவதே சரியான தீர்வு.

## மாற்றும் நாளில்

டெபியன், உபுண்டுவில் க்ரோனியை நிறுவினால் டைம்சிங்க்டி தானாகவே நீங்கிவிடும். பிறவற்றில் பழைய சேவையை நிறுத்தி முடக்கிவிட்டதை உறுதிசெய்ய வேண்டும். கடிகாரம் முந்தியிருந்தால், முதல் தொடக்கத்திலேயே பின்னோக்கிய தாவல் நிகழும் என்பதால் தரவுத்தளத்தையும் காலமுறைப் பணிகளையும் முன்கூட்டியே நிறுத்துங்கள். ரீச் 377ஐ எட்டச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் எண் சிறிதாக இருக்கிறதே என்று அமைப்பைக் கலைக்க வேண்டாம். க்ரோனியின் அமைப்புக் கோப்பில் ‘ஆர்டிசிசிங்க்’ என்ற வரி இருந்தால் கர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை மதர்போர்டுக் கடிகாரத்துக்கும் சரியான நேரத்தை எழுதும். அது நடந்த பிறகு சர்வரை முழுவதுமாக அணைத்து, சற்று நேரம் மின்சாரம் இன்றி விட்டு, மீண்டும் எழுப்பி, பதிவேட்டில் முதல் திருத்தத்தின் அளவைப் பாருங்கள். அந்த அளவு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ இருந்தால், மதர்போர்டின் பேட்டரியை மாற்றும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.